பெயர் வெட்டிய பித்தளைக் குடம்

ஹட்டனில் பழம்பொருள் கடை என்று பலகை மாட்டிய இடத்தைத் தேடி அலைந்தால் நேரம்தான் வீணாகும். பழையவை இங்கே வேறு பலகைகளுக்குப் பின்னால் இருக்கின்றன. அடகு பிடிக்கும் கடை, மணிக்கூடு திருத்துபவரின் கண்ணாடிப் பெட்டி, தையற்கடை, சாமிப் படத்துக்குச் சட்டம் போடும் பட்டறை, ஸ்டூடியோ, எல்லாவற்றுக்கும் கடைசியில் பழைய இரும்புக் கடை. இந்த வரிசையில் நடந்தால் மலையகத்தின் ஒன்றரை நூற்றாண்டைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். கடைசிக் கடையில் மட்டும் மனம் கனத்துவிடும். அங்கே அந்த ஒன்றரை நூற்றாண்டைத் தராசில் போட்டு நிறுக்கிறார்கள்.

நகரம் சிறியது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரத்தில், மலைச்சரிவை வெட்டிப் போட்ட பிரதான வீதியின் இரு பக்கமும் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. 1884இல் புகையிரதம் வந்து சேர்ந்த பிறகுதான் ஊர் எழுந்தது. டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, கொட்டகலை என்று சுற்றிலும் உள்ள தோட்டங்களுக்கு இதுதான் டவுன். தேயிலைப் பெட்டி கீழே இறங்கியதும் அரிசி மூட்டை மேலே ஏறியதும் இந்த நிலையத்தின் வழியாகத்தான். புகையிரதம் வந்து நான்கே வருடத்தில், 1888இல், இங்கே ஒரு வங்கியும் தொடங்கிவிட்டது. இன்று நாடெங்கும் கிளை பரப்பியிருக்கும் ஹட்டன் நெஷனல் வங்கியின் வேர் அந்தச் சிறிய ஹட்டன் வங்கி.

ஹட்டனைப் பார்க்க வேண்டுமானால் சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமையில் பாருங்கள். தோட்டத்து பஸ்களிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். அம்மாவின் கையில் பை, அப்பாவின் தோளில் பிள்ளை, பின்னால் பாட்டி. முதலில் அடகுக் கடையில் வட்டி கட்டுவார்கள், பிறகு மளிகை, பிறகு பிள்ளைக்கு ஒரு சட்டை. மழை இறங்கினால் எல்லோரும் தேநீர்க் கடைக்குள். வடையும் பிளேன்டீயும் வருவதற்குள், எதிர் மேசையில் இருப்பவர் எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யாருக்கு யார் உறவு என்பதெல்லாம் பேசி முடிந்திருக்கும். கடைக்காரர் வயதில் மூத்தவளை அம்மா என்பார், இளையவளைத் தங்கச்சி என்பார். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கொடுத்த பின், இந்த வீதியில் நடக்க இடம் இருக்காது. நடைபாதை முழுக்கத் துணி.

அந்தக் கூட்டத்திலிருந்து விலகித் தையற்கடைக்குள் போகலாம். காலால் மிதிக்கும் கறுப்புச் சிங்கர் தையல் மெஷின், உடம்பில் தங்க நிறப் பூ வேலைப்பாடு தேய்ந்துபோய், இன்னும் ஓடுகிறது. சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்தது 1877இல், அதாவது ஹட்டனுக்குப் புகையிரதம் வருவதற்கும் முன்னால். மின்சாரம் போனாலும் நிற்காது என்பதற்காகவே தையற்காரர்கள் இந்த மெஷினை விடுவதில்லை. கொழும்பில் இதன் இரும்புக் காலை மட்டும் கழற்றி, மேலே பலகை போட்டு, உணவகத்து மேசையாக்குகிறார்கள். ஹட்டனில் அது இன்னமும் பாடசாலைச் சீருடை தைக்கிறது. பழைய பொருளுக்கு இதைவிட நல்ல வாழ்வு கிடையாது.

ஸ்டூடியோவின் கதை வேறு. மலையகத்துக் குடும்பங்கள் பலவற்றில் தாத்தாவின் முதல் படமே அரசாங்கத்துக்குக் கொடுப்பதற்காக எடுத்த படம்தான். 1948இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கதி 1974இல் தீர்மானிக்கப்பட்டது. கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். வாழ்நாளில் ஒரு முறையும் கெமராவைப் பார்த்திராதவர்கள் இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார்கள். பிறகு தலைமன்னார் வரை புகையிரதம், அங்கிருந்து கப்பல். போனவர்களின் டிரங்குப் பெட்டிகள் இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியது 1968இல். ஹட்டனின் பழம்பொருளில் ஒரு பகுதி கடல் கடந்துவிட்டது என்பதை இங்கே தேடுகிறவர்கள் மறக்கக்கூடாது. இன்றும் பழைய நெகட்டிவ் பெட்டிகளை வைத்திருக்கும் படப்பிடிப்பாளர்கள் இருந்தால் அவர்களின் கையில் இருப்பது ஒரு சமூகத்தின் முகம். தயவுசெய்து எரித்துவிடாதீர்கள்.

இனி இரும்புக் கடை.

தகரக் கூரைக்குக் கீழே குவியல் குவியலாகக் கிடக்கும். கவ்வாத்துக் கத்தி, பல் தேய்ந்த முள்ளு, கரி போட்டுத் தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி, பெற்றோமக்ஸ் விளக்கு, குப்பி லாம்பு, எனாமல் உதிர்ந்த கோப்பை, ஒரு பக்கம் நசுங்கிய பித்தளைக் குடம். இவையெல்லாம் எப்படி இங்கே வந்து சேர்ந்தன என்பதற்குக் காரணம் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில் நாலு தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தனி வீட்டுக்குப் போகின்றன. இந்திய உதவியோடு கட்டும் வீடுகளும் அதில் சேரும். 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் பேசிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்துவிட்டுப் போனார். தனி வீடு கிடைப்பது பெரிய விடுதலை. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் குடிபோகும் நாளில் பழைய காம்பராவின் பொருள்கள் வாசலில் குவியும்போது, போத்தல், பேப்பர் வாங்குபவரின் லொறி சரியாக வந்து நிற்கிறது. பிள்ளைகள் கொழும்பில் வேலை செய்கிறார்கள். பாட்டி காலமாகி வருடமாகிறது. குடத்தை யார் தூக்குவது?

அந்தக் குடத்தை ஒரு தரம் திருப்பிப் பாருங்கள். கழுத்தில் பெயர் வெட்டியிருக்கக்கூடும். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, சில வேளை திகதியும் இருக்கும். அது யாரோ ஒரு பெண்ணின் கல்யாணச் சீர். கொழுந்து எடுத்துச் சேர்த்த காசில் வாங்கியது. நிறுத்துப் போட்டதும் அந்தப் பெயரோடு சேர்த்து உருக்கும் உலைக்கு அனுப்புகிறார்கள். அடகுக் கடையிலும் இதுதான் நடக்கிறது. மீட்கப்படாத தண்டட்டியும் அட்டியலும் ஏலம் போய் உருகிப் புது மோதிரமாகின்றன. கடைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் உலோகத்தைத்தான் வாங்குகிறார்கள். அதற்கு மேல் ஒரு மதிப்பு அந்தப் பொருளுக்கு உண்டு என்று இந்த நாட்டில் யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

இதே மலையில் இன்னொரு வகைப் பழமை உண்டு. அதற்கு மதிப்பு குறைவே இல்லை. ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியே இறங்கினால் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி வார்லி தேவாலயம் நிற்கிறது. கட்டியது 1878இல். கல்லறைத் தோட்டத்தில் துரைமாரின் பெயர்கள், பிறந்த ஊர், இறந்த திகதி எல்லாம் கல்லில் தெளிவாக இருக்கின்றன. அதே நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பங்களாக்கள் சில இன்று உலகப் பயணிகள் தங்கும் உயர்தர விடுதிகள். அவற்றில் டியன்சின் பங்களா 1888இல் கட்டியது. சாய்வு நாற்காலியும், கணப்பும், வெள்ளிக் கரண்டியும் துடைத்து மெருகேற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. நல்ல காரியம்தான், பழையதைக் காப்பாற்றினால் அது பிழைக்கும் என்பதற்கு அவையே சாட்சி. கேள்வி ஒன்றுதான்: அந்தக் கணப்புக்கு விறகு சுமந்தவரின் கூடை எங்கே?

நவீன ஒளிப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஜூலியா மார்கரெட் கெமரன் இந்த மலையில்தான் கண்ணை மூடினார் என்பது ஹட்டன்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. டார்வினையும் கவிஞர் டெனிசனையும் படமெடுத்த அந்த அம்மையார் 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பகுதியில் உள்ள கிளென்கெய்ன் தோட்டத்தில் இறந்தார். பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்தில் கணவரின் பக்கத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. இலங்கையில் அவர் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. அவற்றில் தோட்டத்து வேலையாட்களும் கிராமத்துப் பெண்களும் இருக்கிறார்கள். ஆழ்ந்த மரியாதையோடு எடுத்த படங்கள், கண்களை நேராகப் பார்க்கிற படங்கள். ஆனால் டெனிசனின் படத்தில் டெனிசன் என்று எழுதியவர், இவர்களின் பெயரை எழுதவில்லை. உலகின் பெரிய அரும்பொருளகங்களில் இன்றும் அவர்கள் பெயரற்றவர்களாகவே தொங்குகிறார்கள்.

பெயர் இல்லாமல் வைத்திருப்பது இங்கே ஒரு முறையாகவே இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டி வந்தபோது கழுத்தில் ஒரு தகரத் துண்டு மாட்டினார்கள். எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று அதில் பொறித்திருந்தது. வந்த பிறகு கையில் இன்னொரு சீட்டு, துண்டு என்று அதற்குப் பெயர். இத்தனை ரூபா கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிக்கிறேன் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுப்பது. மனிதரைக் கடனோடு சேர்த்துத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய அந்தக் கடதாசியை 1921இல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். அந்தத் தகரமும் அந்தச் சீட்டும் இன்று எந்த வீட்டில் இருந்தாலும், அது வெள்ளிக் கரண்டியைவிடப் பெறுமதி வாய்ந்தது. சரித்திர ஆசிரியருக்கு மட்டுமல்ல, அந்த வீட்டுப் பிள்ளைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940இல் வந்தது. கண்டி இராச்சியம் வீழ்ந்து ஒப்பந்தம் கையெழுத்தான 1815 மார்ச் 2ஆம் திகதியை அது எல்லையாக வைத்தது. அதற்கு முற்பட்டது தொல்பொருள். பிற்பட்ட ஒரு கட்டடத்தைப் பாதுகாக்க வேண்டுமானால் தனியாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். மலையக மக்களின் வருகையை 1823இலிருந்து கணக்கிட்டு, 2023இல் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தோம். அப்படியானால் இந்த மக்கள் இந்த மண்ணில் செய்தது, புழங்கியது எதுவுமே அந்த எல்லைக்குள் வராது. எட்டே வருட வித்தியாசத்தில் ஒரு முழுச் சமூகத்தின் கைப்பொருளும் சட்டத்தின் கண்ணுக்கு வெளியே நிற்கிறது. இதை யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் விளைவு இரும்புக் கடையில் தெரிகிறது.

பொருளைக் காக்க முடியாத மக்கள் கலையைக் காத்தார்கள். மாசியில் காமன் கம்பம் ஊன்றி, ரதியும் மதனுமாக லயத்துப் பிள்ளைகளே வேடம் கட்டி ஆடும் காமன் கூத்து, பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு எல்லாம் வாயாலும் காலாலும் கடந்து வந்தவை. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்ட அதே தப்பு இரவில் கூத்துக்கும் ஒலித்தது. தெம்மாங்கையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகச் சேகரித்து நூலாக்கியிருக்காவிட்டால் பாதி காற்றோடு போயிருக்கும்.

அச்சும் இந்த ஊருக்குப் புதிதல்ல. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பித்தபோது ஹட்டனைத்தான் களமாக்கிக் கொண்டார். 1936இல் இந்தத் தொகுதியிலிருந்தே அரசாங்க சபைக்குப் போனார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடுவார். தொழிலாளரின் துயரத்தைத் தெரிந்த மெட்டில் எழுதி, 1940இல் சிறு நூலாகவும் போட்டார். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பாட்டே பத்திரிகை. அந்தத் துண்டுப் பிரசுரங்களில் ஒன்றை, பழைய தாள் கட்டுக்குள் கண்டெடுப்பதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் ஹட்டனில் பழையது தேடுகிறவருக்குக் கிடையாது. பிற்பாடு ‘நந்தலாலா’ போன்ற சிற்றிதழ்களும் இந்த ஊரிலிருந்து வந்தன. வீட்டில் இடமில்லை என்று பேப்பர்காரரிடம் போடும் கட்டுகளில் அவை போய்க்கொண்டிருக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் சேர்த்துவருகிறது. மலையகத்து இதழ்கள் பல இன்று படிக்கக் கிடைப்பது அதனால்தான்.

பொருளும் பெயரும் தொலைந்த இந்த வெறுமையை மலையக ஓவியர்கள் நேராகவே எதிர்கொள்கிறார்கள். தலவாக்கலையில் தோட்டத்திலேயே வாழ்ந்து எழுதிய மல்லிகை சி. குமார் தூரிகையும் பிடித்தார். ஹட்டனில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்ற ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையே வண்ணமாகவும், ஊற்றி முடித்த தேயிலைப் பையையே தாளாகவும் எடுத்துக்கொண்டவர். உலகம் குடித்துவிட்டு எறியும் பையில் தன் மக்களின் வாழ்வை வரைகிறார். அவருடைய படைப்புகளைக் கொழும்பின் காட்சிக்கூடங்கள் காட்டியிருக்கின்றன. ஹட்டனில் அவற்றைத் தொங்கவிட ஒரு சுவர் வேண்டாமா? பாடசாலை மண்டபமும் கல்யாண மண்டபமும் தவிர, கலைக்கென்று நிலையான கூடம் ஒன்று இந்த நகரத்துக்கு அவசியம் வேண்டும். கொழுந்து எடுக்கும் அக்கா ஞாயிற்றுக்கிழமை மளிகை வாங்க வரும்போது உள்ளே எட்டிப் பார்க்கக்கூடிய இடத்தில் வேண்டும்.

கூடுவதற்கு இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாணிக்கப் பிள்ளையார் கோயில், பள்ளிவாசல், திருச்சிலுவை ஆலயம், விகாரை எல்லாம் நடந்து போகும் தூரத்தில். மல்லியப்பு சந்தியில் எத்தனை ஊர்வலம் கூடிக் கலைந்திருக்கிறது! ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் எழுந்த கோஷம் அந்தச் சந்திக்கு மனப்பாடம். அந்த ஆயிரம் கைக்கு வந்தது 2021இல்தான். டன்பார் மைதானத்தில் விளையாட்டு. டிசம்பர்ப் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் இரவு பகலாக இங்கே இறங்கி மஸ்கெலியா பஸ்ஸில் ஏறுகிறார்கள். கம்பளித் தொப்பி விற்பவருக்கு அதுதான் பருவம். சிங்களமும் தமிழும் அந்தப் பேரத்தில் ஒன்றோடொன்று கலந்தே வரும்.

யாத்திரிகர்கள் போகும் அந்த வழியிலேயே பழைய மஸ்கெலியா நீருக்கடியில் கிடக்கிறது. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது கடைத்தெருவோடு நகரம் மூழ்கியது. வரட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையின் எச்சமும் வெளியே தெரியும். அப்போது ஜனங்கள் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் இது இன்னார் கடை, இது இன்னார் வீடு என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். பழையதில் நம் மக்களுக்கு ஆர்வமில்லை என்று சொல்கிறவர்கள் அந்த நாட்களில் ஒரு தரம் அங்கே போய் நிற்க வேண்டும்.

செய்து காட்டிய முன்மாதிரியும் இருக்கிறது. கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில், ஒரு லயத்தையே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அரும்பொருளகமாக்கி 2007இல் திறந்தது கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம். கொழுந்துக் கூடை, பாத்திரம், நகை, தப்பு, கருவி, ஆவணம் எல்லாம் வீடு வீடாகக் கேட்டு வாங்கிச் சேர்த்தவை. அரசாங்கம் செய்ய வேண்டியதை ஒரு சிறு அமைப்பு செய்தது. ஹட்டனுக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஹட்டன் டிக்கோயா நகரசபையோ, இங்குள்ள பெரிய பாடசாலைகளில் ஒன்றோ, தொழிற்சங்கங்களில் ஒன்றோ இரண்டு அறை ஒதுக்கினால் போதும். பொருள் தானாக வரும்.

அதுவரை பொறுப்பு வீடுகளின் கையில்தான். குடிபோகும் நாளில் லொறிக்காரரைக் கூப்பிடுவதற்கு முன், பாட்டி புழங்கியதில் ஒன்றையாவது எடுத்து வையுங்கள். பாட்டி இருந்தால் கேட்டு எழுதுங்கள்: இது யாருடையது, எந்தத் தோட்டம், எப்போது வாங்கியது. கொழுந்து மட்டம் பார்க்கும் மட்டக்கம்பாக இருந்தாலும் சரி, துருப்பிடித்த தகரத் துண்டாக இருந்தாலும் சரி, கைத்தொலைபேசியில் படமெடுத்து, அந்தப் பெயரை அதோடு சேர்த்து வையுங்கள். பழைய இதழும் கடிதமும் இருந்தால் நூலகம் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள், பொருளாக இருந்தால் பீகொக் தோட்டத்து அரும்பொருளகத்துக்கு. ஹட்டன் பாடசாலைகளில் கற்பிக்கிற ஆசிரியர்களே, அடுத்த தவணையில் பிள்ளைகளிடம் வீட்டில் உள்ள மிகப் பழைய பொருள் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு வகுப்பறை நிறைந்துவிடும்.